சொல்லச் சொல்லிக் கேட்காத இடம்: மட்டக்களப்பில் ஒரு சிறுவர் உளவளத்துணை நிலையம்

மட்டக்களப்பு நகரில் உள்ள ஒரு சிறுவர் உளவளத்துணை நிலையத்துக்கு என் தங்கையின் மகனை ஏறக்குறைய ஐந்து மாத காலத்தில் 14 தடவைகள் அழைத்துச் சென்று வந்தேன். அங்கே கிடைத்த சேவையைப் பற்றி, நிறைவையும் குறையையும் மறைக்காமல் எழுத நினைக்கிறேன். நிலையத்தின் பெயரையும் அது இருக்கும் வீதியையும் எழுதப்போவதில்லை. நம்முடைய ஊர் சிறியது. அந்த வாசலில் நிற்கும் பிள்ளையைக் கண்டவுடன் "அந்தப் பிள்ளைக்கு என்னவாம்" என்று கேட்கும் வழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. என் பிள்ளையை மட்டுமல்லாமல் அங்கே வரும் மற்றப் பிள்ளைகளையும் அந்தக் கேள்வியிலிருந்து காப்பது என் கடமை.

பிள்ளைக்கு ஏழு வயது. தரம் 2 இல் படிக்கிறான். கல்முனை வீதியில் தகப்பனுடைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கியின்மேல் அமர்ந்து வந்தபோது லொறியொன்றுடன் மோதி, தகப்பன் அந்த இடத்திலேயே இறந்துபோனார். பிள்ளைக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டுமே ஏற்பட்டது. "கடவுள் காப்பாற்றிவிட்டார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பினோம். குவைத்தில் வேலை செய்த என் தங்கை வந்து, 31ஆம் நாள் அமுது முடியும்வரை இருந்துவிட்டு, நுண்கடன் தவணைகள் கழுத்தை நெரித்ததால் திரும்பிப் போனாள். பிள்ளை என்னிடமும் அம்மம்மாவிடமும் வளர்கிறான்.

அதன் பிறகு நடந்தவற்றை நாங்கள் ஒவ்வொன்றாகத் தப்பாக விளங்கிக்கொண்டோம். நான்கு வயதிலேயே நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. அதைச் சோம்பல் என்றோம். பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலி வந்தது, நடிப்பு என்றோம். வகுப்பில் கூப்பிட்டாலும் காது கேளாதவன்போல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிப்பில் கவனமில்லை என்று ஆசிரியர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கின்போது வெடி கொளுத்திய உடனே என் கையை உதறிவிட்டு ஓடி, கோயில் மதிலுக்குப் பின்னால் மூச்சுவிடக்கூடத் தெரியாதவன்போல் விறைத்து நின்றான். பயம் பிடித்துவிட்டது என்று நூல் கட்டினோம். எல்லாவற்றையும்விட எங்களை வருத்தியது அவனுடைய விளையாட்டு. மாமரத்தடியில் இரண்டு பொம்மை வாகனங்களை எடுத்து மோதவைப்பான், எடுப்பான், திரும்பவும் மோதவைப்பான். ஒரு பின்னேரத்தில் நாற்பது, ஐம்பது தடவைகள். பார்க்கப் பொறுக்காமல் அம்மம்மா அந்த வாகனங்களை எடுத்து ஒளித்துவைத்தார். அவன் இரண்டு செங்கல் துண்டுகளை எடுத்துக்கொண்டான்.

நான்காவது மாதத்தில் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர் வழியாக இந்த நிலையத்தைப் பற்றி அறிந்தேன். பெயரைப் பதிந்து ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் ஏழு வயதுப் பிள்ளை இரவில் இரண்டு தடவை அலறி எழும்பும் வீட்டில் ஆறு வாரம் என்பது மிகவும் நீண்ட காலம். அந்த இடைவெளியில் வீட்டாருக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசி, இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ தவிர்த்திருப்போம். இதுதான் என்னுடைய முதலாவது முறைப்பாடு; நிலையத்தாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

முதல் நாள் களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தோம். பஸ்ஸின் ஹோர்ன் ஒவ்வொரு முறை அலறும்போதும் என் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கல்லடிப் பாலம் கடக்கும்வரை தலையை வெளியே எடுக்கவில்லை. நிலையத்தில் ஒரு சிறிய அறை, தரையில் பாய், ஒரு பெட்டி நிறைய மணல், ஆடு மாடு யானை பொம்மைகள், வாகனங்கள், ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அளவு மனிதப் பொம்மைகள். உளவளத்துணையாளர் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. "தம்பி எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டார். அவன் கதவைப் பார்த்தபடி இருக்கும் மூலையைத் தெரிந்தெடுத்தான். கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் எந்த இடத்துக்கு வரும்போது இன்றைய நேரம் முடியும் என்று சொன்னார். பெரியம்மா வெளியே போகமாட்டார், நீ சொல்லும்வரை இங்கேயே இருப்பார் என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவன் மணலில் கையை அளைந்துகொண்டிருந்தான். அவரும் பக்கத்தில் இருந்து மணலை அளைந்தார்.

இரண்டாம், மூன்றாம் சந்திப்புகளும் அப்படியே கழிந்தன. உள்ளதைச் சொல்கிறேன்: எனக்குக் கோபம் வந்தது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவது மணலில் விளையாடவா என்று அவரிடமே கேட்டேன். நடந்ததை எப்போது விசாரிக்கப்போகிறீர்கள் என்றும் கேட்டேன். அவர் பதிலுக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அக்கா, இதுவரைக்கும் எத்தனை பேர் அவனிடம் அதைக் கேட்டிருப்பார்கள்?" எண்ணிப் பார்த்தேன். வீதியில் கூடியவர்கள், பொலிஸார், வைத்தியசாலையில் இருந்தவர்கள், மரண வீட்டில் மடியில் இருத்தி அழுத உறவினர்கள், வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள். பிள்ளைக்குச் சொல்லவேண்டும்போல் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பேரிடர் நடந்த சூட்டோடு ஒருவரை இருத்திவைத்து நடந்ததை முழுதும் சொல்லவைப்பது முன்னொரு காலத்தில் நல்லதென்று கருதப்பட்டது என்றும், அது உதவுவதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிகிறது என்று தெரிந்த பிறகு கைவிடப்பட்டது என்றும் அவர் விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. பாதுகாப்பு முதலில், ஒழுங்கான நாள் அடுத்தது, கதை அதற்குப் பிறகு என்பதுதான் அவருடைய வரிசை.

அன்று அவர் தன் கையை மடக்கிக் காட்டி விளக்கியது இப்போதும் எனக்கு உதவுகிறது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நான்கு விரல்களால் அதை மூடினார். உள்ளே இருக்கும் கட்டைவிரல் ஆபத்தை மணந்து பிடிக்கும் மூளைப்பகுதி. மேலே மூடியிருக்கும் விரல்கள் யோசிக்கும் பகுதி. அபாயம் வந்ததென்று உள்ளே இருப்பது கத்தும்போது மேல் விரல்கள் திறந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பிள்ளையிடம் நியாயம் பேசுவதாலோ கத்துவதாலோ அடிப்பதாலோ பயனில்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய பகுதி அப்போது வேலை செய்வதில்லை. ஓடுவது, எதிர்த்து அடிப்பது, விறைத்து நிற்பது ஆகிய மூன்றில் ஒன்றை உடம்பு தானாகவே தெரிந்தெடுத்துக்கொள்கிறது. கோயில் மதிலுக்குப் பின்னால் அவன் நின்ற கோலம் எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. வகுப்பில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே விறைப்பின் சிறிய வடிவம் என்றார். அமைதியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை. ஆகவே அவர்கள் நிலையத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஒவ்வொரு சந்திப்பின் கடைசி இருபது நிமிடங்கள் எனக்கானவை. இந்த நிலையத்தின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். பிள்ளையைத் திருத்தித் தாருங்கள் என்று கொடுத்துவிட்டு வெளியே இருக்கலாம் என்ற எண்ணத்தோடு போன என்னிடம், வீட்டில் இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்பதில் தொடங்கி, நான் எப்படித் தூங்குகிறேன் என்பதுவரை கேட்டார்கள். சாப்பாடு, குளிப்பு, கதை, படுக்கை எல்லாம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கும்படி ஒழுங்கு செய்தோம். அடுத்தது என்ன வரும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது அவனுடைய உடம்புக்கு ஒரு மருந்து என்றார். படுக்கை நனைந்தால் பேச்சில்லாமல் துணியை மாற்றுவது. மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பதற்றம் வரும்போது சுடச்சுட இருக்கும் கோப்பியை ஊதுவதுபோல் மெதுவாக, நீளமாக மூச்சை விடப் பழக்கினோம். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொன்னோம். நூல் கட்டியதைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அது அம்மம்மாவின் அன்பு அக்கா, இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் என் அம்மாவும் எங்களோடு சேர்ந்துகொண்டார். அடுத்த வாரம் அவரும் பஸ்ஸில் வந்தார்.

விளையாட்டைத் தடுக்க வேண்டாம் என்றார்கள். பேச வார்த்தை இல்லாத இடத்தில் பிள்ளையின் கை பேசுகிறது. ஆனால் விளையாட்டு ஒரே இடத்தில் சிக்கி, ஒவ்வொரு முறையும் அதே மோதலில் முடிந்து, பிள்ளையின் முகமும் தளராமல் இருந்தால், பக்கத்தில் இருந்து ஒரு சிறிய வழியைத் திறந்துவிடலாம். நான் மாமரத்தடியில் அவனோடு குந்தியிருந்து, "இப்போது அம்புலன்ஸ் வருகிறது" என்று ஒரு தீப்பெட்டியைத் தள்ளினேன். மூன்று நாள் அதைத் தட்டிவிட்டான். நான்காம் நாள் தானே தள்ளிக்கொண்டு வந்தான்.

எங்களுடைய பெரிய பிழையொன்றும் அங்கேதான் வெளிப்பட்டது. அப்பா வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று முதல் வாரங்களில் சொல்லியிருந்தோம். அம்மாவும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பொய் எப்படிக் கேட்டிருக்கும் என்று நாங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மரணம் திரும்பிவரக்கூடிய ஒன்றாகத் தோன்றலாம். ஏழு வயதளவில் பெரும்பாலானோருக்கு அது முடிவானது என்று விளங்கத் தொடங்குகிறது. விளங்கும் வயதில் நாம் சுற்றிவளைத்தால், பெரியவர்களிடம் இதைப் பேசக்கூடாது என்பதையே பிள்ளை கற்றுக்கொள்கிறது. "அப்பா செத்துவிட்டார், அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அவர் திரும்பி வரமாட்டார், உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று நேரான சொற்களில் சொல்லும்படி என்னைத் தயார்ப்படுத்தினார்கள். தங்கையும் அலைபேசியின் திரையில் இருந்தாள். அவன் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

ஏழாவது சந்திப்புக்குப் பிறகுதான் கயிறு வந்தது. பாயின்மேல் ஒரு நீளமான கயிற்றை விரித்து, அது அவனுடைய வாழ்க்கை என்று சொல்லி, நல்ல நாள்களுக்குப் பூவும் கஷ்டமான நாள்களுக்குக் கல்லும் வைக்கச் சொன்னார்கள். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் போராலும் பேரிடராலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக வளர்த்தெடுத்த முறையின் சிறுவர் வடிவம் இது. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் பிள்ளைகளிடம் பயன்படுத்தப்பட்டது. பிறந்தநாளுக்கு ஒரு பூ, முதன்முதலாக நீந்திய நாளுக்கு ஒரு பூ, அம்மா விமானம் ஏறிய நாளுக்கு ஒரு கல். அந்தக் கல்லை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. விபத்து நடந்த நாளுக்குப் பெரிய கல்லை எடுத்தான். அதைப் பற்றி மூன்று சந்திப்புகளில் மெல்ல மெல்லப் பேசினார்கள்: அன்று காலை என்ன உண்டான், என்ன சத்தம், என்ன மணம், உடம்பில் எந்த இடத்தில் என்ன செய்தது, இப்போது நீ எங்கே இருக்கிறாய். பயத்தில் சிதறிக் கிடந்த துண்டுகள் ஒரு தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகும்போது, அது இறந்தகாலத்தில் நடந்தது என்று மனம் ஏற்றுக்கொள்ளத் தொடங்குகிறதாம். கயிற்றின் கடைசிப் பகுதியை விரிக்காமல் சுருட்டியே வைத்திருந்தார்கள். அது இனிமேல் வரப்போகும் நாள்கள்.

பத்தாவது சந்திப்பில் அவன் ஒன்று சொன்னான். அவனுடைய சம்மதத்தைக் கேட்டு, அவன் முன்னிலையிலேயே, அதை எனக்கும் சொன்னார்கள். அன்று ஐஸ்பழம் வேண்டும் என்று அவன் கேட்டதால்தான் அப்பா அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாராம். ஆகவே அப்பாவைத் தான்தான் கொன்றுவிட்டதாக நினைத்து, பல மாதமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஏழு வயதுப் பிள்ளை! இந்த வயதில் பிள்ளைகள் உலகில் நடப்பவற்றுக்கெல்லாம் தங்களையே காரணமாக்கிக்கொள்வது வழக்கம் என்பதை அறிந்தவர் அவர். அதனால் உடனே "இல்லை, இல்லை" என்று மறுக்கவில்லை. யார் வண்டி ஓட்டினார், லொறி எந்தப் பக்கத்தில் வந்தது, ஐஸ்பழம் கேட்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடைய அப்பாமார் எல்லோரும் என்ன ஆனார்கள் என்று அவனோடு சேர்ந்து கணக்குப் பார்த்தார். அன்று திரும்பும் வழியில் பஸ் தரிப்பிடத்தில் ஐஸ்பழம் கேட்டான். வாங்கிக் கொடுத்துவிட்டு நான் அழுதேன்.

அந்த இருபது நிமிடங்களில் என்னைப் பற்றியும் பேச நேர்ந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கும் ஏழு வயதுதான். இரவோடிரவாக வீட்டைவிட்டு ஓடியிருக்கிறோம். எங்களிடம் ஒருவரும் எதையும் கேட்டதுமில்லை, எதையும் விளக்கியதுமில்லை. இந்த ஊரில் இப்படியான முயற்சி புதியதுமல்ல: 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போருக்கு நடுவிலேயே தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண்ணும் வர்ணமும் கதையும் நாடகமுமாக நாள்களைக் கழித்தார்கள். அதன்பின் சுனாமி வந்தது. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் உதவி திரண்டு வருகிறது, பிறகு திட்டக்காலம் முடிந்தது என்று கலைந்துவிடுகிறது. ஆனால் ஒரு தகப்பன் வீதியில் இறப்பதும், ஒரு தாய் வெளிநாடு போவதும், குடித்துவிட்டு வரும் தகப்பன் அடிப்பதும் எந்தத் திட்டக்காலத்துக்கும் அடங்குபவை அல்ல. சுனாமிக்குப் பின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளிடையே செய்யப்பட்ட ஆய்வுகள், போரும் கடலும் செய்த சேதத்தோடு வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று காட்டியிருக்கின்றன.

பள்ளிக்கூடத்தோடு அவர்கள் நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. என் கையொப்பத்தைப் பெற்ற பிறகே கடிதம் எழுதினார்கள். நடந்த சம்பவத்தின் விவரம் அதில் இல்லை. பிள்ளையை வாசலுக்கு அருகில் இருத்துங்கள், மணி அடிக்க முன் சொல்லுங்கள், விறைத்து நின்றால் தொடாமல் பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் கூப்பிடுங்கள் என்று மூன்று வேண்டுகோள்கள். பிரம்பைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையில் கூறியிருக்கிறது. ஆனாலும் பிரம்பு எல்லா வகுப்பறைகளையும் விட்டுப் போய்விடவில்லை. பக்கத்துப் பிள்ளைக்கு விழும் அடியின் சத்தமே இவனுக்குப் போதும். வகுப்பாசிரியர் கடிதத்தை வாசித்துவிட்டு, பிரம்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவருக்கு என் நன்றி.

இனிக் குறைகள். காத்திருக்கும் இடம் வீதியைப் பார்த்த விறாந்தை. ஒரு திரைச்சீலை போட அதிகம் செலவாகாது. முதல் நாள் படிவம் நிரப்பும்போது, என்ன நடந்தது என்று பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி வரவேற்பு மேசையில் கேட்டார்கள்; உள்ளே இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் வெளியே இப்படிக் கேட்பது பொருந்தவில்லை. வார நாள்களின் காலையில் மட்டுமே நேரம் தருகிறார்கள். பள்ளிக்கூடத்தைத் தவறவிடும் பிள்ளைக்கு அதுவே ஒரு பெயரைத் தேடித்தருகிறது, கூலி வேலை செய்பவர்கள் இடையில் நின்றுவிடுகிறார்கள். கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு பேருக்கான பஸ் செலவே சிலருக்குப் பெரிய பாரம். கையில் தரும் துண்டுப்பிரசுரத்தின் தமிழ் என் அம்மாவுக்கு விளங்கவில்லை. "மனவடு" என்ற சொல்லை ஒருமுறை விளக்கினால் வடு என்னவென்று தெரிந்த எவருக்கும் புரியும். "நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட எதிர்த்தாக்கங்கள்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

சுவரில் ஒட்டியிருக்கும் ஓர் அறிவித்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். 1998 இல் அமெரிக்காவில் வெளியான, 9,500க்கும் மேற்பட்டோரிடம் செய்யப்பட்ட ஆய்வை வைத்து, சிறுவயதில் துன்பம் கண்டவர்களுக்கு வளர்ந்தபின் இருதய நோயும் மன அழுத்தமும் அதிகம் வருகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அது பெருந்தொகையான மக்களைப் பற்றிய கணக்கு. தனியொரு பிள்ளையின் தலைவிதியைச் சொல்வதற்கு உரியதல்ல. அதை வாசித்துவிட்டு ஒரு தாய் விறாந்தையில் விம்மி அழுததைப் பார்த்தேன். நம்பிக்கையான ஒரு பெரியவரின் துணையும் ஒழுங்கான வீடும் கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் தேறிவருகிறார்கள் என்ற வரியும் அதே அளவு எழுத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

தன்னைத்தானே காயப்படுத்தும், சாகவேண்டும் என்று சொல்லும், உணவைத் தொடர்ந்து மறுக்கும் பிள்ளைகளுக்கு இந்த நிலையம் போதாது. அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படியானவர்களை அருகிலுள்ள ஆதார அல்லது போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். துஷ்பிரயோகம் பற்றிய சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். உளநல ஆலோசனைக்கு 1926 இருக்கிறது. இப்படியான நிலையம் உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். காத்திருப்புப் பட்டியல் இருக்கும். ஆகவே விபத்து நடந்து ஒரு மாதம் கடந்தும் தூக்கமும் விளையாட்டும் பழைய நிலைக்கு வராவிட்டால் அப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள். நாங்கள் நான்கு மாதம் தாமதித்தோம்.

பிள்ளை இப்போது முழுதாக மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். மோட்டார் சைக்கிளில் இன்னும் ஏறுவதில்லை. நாங்களும் ஏறச் சொல்வதில்லை. படுக்கை மாதத்தில் ஒரு தடவை நனைகிறது. பஸ்ஸில் யன்னலோர இருக்கை கேட்கிறான். மாமரத்தடியில் வாகனங்கள் சில நாள் மோதுகின்றன, சில நாள் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்கின்றன. பதினான்காவது சந்திப்பில் விடைபெறும்போது, இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை வரும்படி ஒரு தேதியைக் கோப்பைப் பார்த்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தபோதுதான், அது அவனுடைய அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முந்திய வாரம் என்று கண்டேன்.